நூற்றொன்பதாவது ஓலை

முன்னொரு காலத்தில் யாரையும் எதையும் நம்பாத மன்னர் ஒருவர் ஒரு நாட்டை ஆண்டார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அவருடைய வாரிசு யாராவது கிளம்பி வந்து, எங்கள் பாட்டனாரை இப்படியா பேசுவது என்று வாசலில் நிற்பார். நானும் ஒருவரைச் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. அதனாலேயே எனக்கு அந்த மன்னரைக் கொஞ்சம் பிடிக்கும்.

அவருடைய சந்தேகம் சாதாரணச் சந்தேகம் அல்ல. அவர் சாப்பிடும் முன்பு மூன்று பேர் ருசி பார்க்க வேண்டும். மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று நான்காவதாக ஒருவரை வைத்தார். நான்காமவர் உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று பார்க்க ஐந்தாவதாக ஒருவர். இத்தனை பேரையும் தாண்டி மன்னர் வாய்க்கு வரும்போது சோறு ஆறிப் போயிருக்கும். சமையற்காரன் ஏன் தினமும் ஆறிய சோறு போடுகிறான் என்று அவன்மேல் தனியாக ஒரு சந்தேகம்.

அந்த அரண்மனையில் ஓலைக் களரி என்று பெரிய கூடம் ஒன்று இருந்தது. நாட்டில் நடப்பதெல்லாம் பனையோலையில் எழுதப்பட்டு அங்கே போய்ச் சேரும். யாருக்கு எந்த நிலம், எந்த ஏரித் தண்ணீர் எந்த ஊருக்கு, எந்தக் குதிரை எப்போது குட்டி போட்டது, அரசியாரின் வளைகாப்புக்கு எத்தனை பூசணிக்காய் வந்தது, எல்லாம் அங்கே இருக்கும். நூறு வருடமாக எழுதி எழுதிச் சேர்த்தார்களே தவிர ஒன்றையாவது வெளியே அனுப்பியது கிடையாது. தரையில் அடுக்கினார்கள், பரணில் ஏற்றினார்கள், அதற்கும் மேலே இடமில்லாமல் விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். வசம்பும் வேப்பிலையும் வைத்துப் பார்த்தும் பூச்சி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் மன்னருக்குத் தன் பட்டத்து யானையின் வயதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. பாகன் முப்பது என்றான். மன்னர் நம்பவில்லை, ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்பது நாள் தேடினார்கள். பத்தாம் நாள் ஒரு ஓலையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அது மன்னருடைய தாத்தா ஏறிய யானையின் ஓலை. அந்த யானை செத்தே அறுபது வருடம் ஆகிறது. கோபத்தோடு மன்னரே களரிக்குப் போய்க் கதவைத் தள்ளினார். விட்டத்தில் தொங்கிய ஒரு கட்டு அறுந்து, நேராக அவர் கிரீடத்தின்மேல் விழுந்தது.

மறுநாள் சபை கூடியதும் மன்னர் சொன்னார்: எதையோ என்னிடமிருந்து மறைக்கத்தான் இத்தனை ஓலையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வருகிற ஆடிப் பதினெட்டுக்குள் வேண்டாத ஓலை ஒன்றுகூட அங்கே இருக்கக் கூடாது. வேண்டிய ஓலை ஒன்றுகூடத் தொலையவும் கூடாது. அதற்குப் பிறகு நான் கேட்கும் ஓலை இல்லையென்றாலும் பொறுப்பாளியின் தலை போகும், வேண்டாத ஓலை ஒன்று என் கண்ணில் பட்டாலும் தலை போகும்.

ஆடிப் பதினெட்டு ஏன் என்றால், அந்த நாட்டில் பழைய ஓலையை நெருப்பில் போட மாட்டார்கள், கால்படும் இடத்தில் எறியவும் மாட்டார்கள். அன்றைக்குத்தான் மேளம் கொட்டி ஆற்றின் புதுவெள்ளத்தில் விட்டுவிடுவார்கள். அது வழக்கம்.

சபையில் இருந்த அத்தனை பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஓலையை மன்னர் நாளைக்குக் கேட்பார் என்று எந்த ஜோசியனால் சொல்ல முடியும்? அப்போது ஓலைநாயகம் பூவணத்தார் எழுந்தார். ஓலைநாயகம் என்றால் மன்னர் வாயால் சொல்லும் ஆணையை ஓலையில் எழுதுகிற பெரிய உத்தியோகம். முறைப்படி களரியைச் சுத்தம் செய்ய வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர், இந்த வேலைக்கு நம் விகடகவி மருதக்கூத்தனைவிடப் பொருத்தமானவர் இல்லை, நாட்டில் எல்லோரும் அவரை நம்புகிறார்கள் என்று தேன் ஒழுகச் சொன்னார்.

பூவணத்தாருக்குக் கூத்தனைப் பதினைந்து வருடமாகப் பிடிக்காது. இவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்து வாசித்தால் மன்னர் கொட்டாவி விடுவார். கூத்தன் ஒரு வார்த்தை சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். எரியாதா?

"பதினைந்து வருடத்தில் என்னைப் பற்றி இவர் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை இது அரசே," என்றான் கூத்தன். "கேட்கவே பயமாக இருக்கிறது."

மன்னருக்கும் பூவணத்தார்மேல் சந்தேகம்தான். ஆனால் கூத்தன்மேலும் சந்தேகம் இருந்ததால் வேலையை அவனிடமே கொடுத்துவிட்டார்.

*

அந்த வாரமே சபைக்கு ஒரு வழக்கு வந்தது. நாணலூரிலிருந்து சடைச்சி என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவள் அந்த ஊர் ஏரியின் மடைக்காரி. மூச்சை அடக்கி ஏரிக்குள் முங்கி, அடியிலிருக்கும் மடைக்கல்லைத் தூக்கி வயலுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. புருஷன் செத்த பிறகு அவளே செய்துவந்தாள். ஏரிக்குள் இறங்கிப் பதினோரு வருடம் ஆனவளுக்குச் சபைக்குள் நிற்பது ஒன்றும் பெரிய பயமாக இல்லை.

அவள் சொன்னது இது. சோலையாண்டார் என்கிற மிராசுதார் ஏரியின் பாதியை வேலி போட்டு வளைத்து உழ ஆரம்பித்துவிட்டார். மடையையும் மண் போட்டு அடைத்துவிட்டார். ஊரில் அறுபது வீடு, இந்தப் போகம் தண்ணீர் இல்லையென்றால் அறுபது வீட்டிலும் அடுப்பு எரியாது. ஏரி முழுவதும் ஊருக்கே என்று மன்னருடைய தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை களரியில் இருக்கிறது. அதை எடுத்து வாசித்தால் போதும்.

சோலையாண்டார் பூவணத்தாரின் மைத்துனர். இது சபையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. பூவணத்தார் மட்டும் பணிவாக எழுந்து, களரி இப்போது கிடக்கிற கிடப்பில் ஓலையைத் தேடினால் இவள் பேத்திதான் தீர்ப்புக் கேட்க வருவாள், கூத்தனார் ஒழுங்கு செய்து முடிக்கட்டும், ஆடி இருபதாம் தேதி வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மன்னர் சரி என்றுவிட்டார்.

கூத்தனுக்கு அந்த நியாயம்தான் உறுத்தியது. வேண்டாத ஓலை ஆற்றோடு போவது பதினெட்டாம் தேதி. வழக்கு இருபதாம் தேதி. நடுவில் ஒரே ஒரு நாள். ஓலை தொலைந்தால் மைத்துனருக்கு ஏரி, தொலைத்ததற்குத் தன் தலை. பூவணத்தார் எந்தக் காலத்திலும் தேதியை யோசிக்காமல் சொல்கிறவர் இல்லை.

அவன் அன்று மதியமே களரிக்குள் போய், நாணலூர்ப் பக்கத்துத் தான ஓலைக் கட்டைத் தேடி எடுத்தான். அந்த ஓலை இருந்தது. தாத்தா மன்னரின் முத்திரையோடு, எழுத்து அழியாமல் இருந்தது. ஆடி இருபது வரைக்கும் அது இருக்க வேண்டுமே என்பதுதான் இனி அவன் கவலை.

*

நிலம், நீர் பற்றிய தான ஓலைகளில் எல்லாம், சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது செல்லும் என்று முடித்திருப்பார்கள். கூத்தன் களரி வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தான். சூரியன் இருக்கிறது. காவலனைக் கேட்டான், நேற்று நிலவு வந்ததா என்று. வந்தது என்றான் காவலன். அப்படியானால் இவை இருக்க வேண்டிய ஓலைகள் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரு தனி அலமாரியில் அடுக்கிவிட்டான். காவலன் கடைசிவரை அவன் விளையாடுகிறானா நிஜமாகக் கேட்டானா என்று தெரியாமல் விழித்தான்.

மீதி ஓலைகளுக்கு ஒரு விதி செய்தான். எந்தக் கட்டு ஆற்றுக்குப் போகிறதோ, அதில் எத்தனை ஓலை இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிறவர் யார், ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஒரே ஒரு ஓலையில் எழுதி, அவர் கைச்சாத்து, அதாவது கையெழுத்து, போட்டுத் தர வேண்டும். அதற்குப் போக்கோலை என்று பெயர் வைத்தான். கட்டு போய்விடும், போக்கோலை களரியில் இருக்கும்.

பூவணத்தார் இதுதான் சமயம் என்று மன்னரிடம் ஓடினார். ஓலையைக் குறைக்கச் சொன்னால் இவன் புது ஓலை எழுதச் சொல்கிறானே என்றார். மன்னர் கூத்தனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அரசே, நூறு ஓலை போகிற இடத்தில் ஒன்று வருகிறது. நாளைக்கு ஒரு ஓலை எங்கே என்று நீங்கள் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்ல இனி யாருக்கும் வசதி இருக்காது. அந்த வசதி போவதில் யாருக்கு வருத்தம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்."

மன்னர் பூவணத்தாரைப் பார்த்த பார்வையில், நல்ல விதிதான் என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

ஆனால் நடந்தது வேறு. நேற்றுவரை எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று கத்திய அதிகாரிகள், கைச்சாத்து என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். லாயத்து அதிகாரி சென்ற ஆண்டுப் புல்லுக்கட்டு ஓலை வேண்டும் என்றார். மாலை கட்டுவோர் தலைவர், முந்தைய தலைமுறையில் வாடிப்போன மாலைகளின் பட்டியல் வேண்டும் என்றார். பூசணிக்காய் ஓலையைக்கூட அரண்மனை மணியக்காரர் விடவில்லை, நாளைக்கு மன்னர் கேட்டுவிட்டால் என்றார். ஆனி மாதம் பாதி போயும் ஒரு கட்டுகூட நகரவில்லை. மன்னருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

கூத்தன் மன்னரிடம் போய் ஒரு வரம் கேட்டான். வேண்டும் என்று சொல்கிறவரிடமே வேண்டிய பொருளைக் கொடுப்பதுதானே நியாயம், அதற்கு அனுமதி வேண்டும் என்றான். மன்னர் தலையாட்டினார்.

மறுநாள் காலை இருபது மாட்டு வண்டிகள் அரண்மனையிலிருந்து கிளம்பின. எண்ணி, எழுதி, யார் எந்தக் கட்டு வேண்டும் என்றாரோ அவர் வீட்டு வாசலில் அந்தக் கட்டுகளை இறக்கினார்கள். லாயத்து அதிகாரி வீட்டுக் கூடம் நிரம்பி, நெல் கொட்டும் அறை நிரம்பி, கடைசியில் அவர் படுக்கும் கட்டிலில் ஏற்றினார்கள். ஓலையோடு ஓலைப்பூச்சியும் வந்தது. அவர் மனைவி மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள், இந்த வீட்டில் ஒன்று புல்லுக்கட்டு ஓலை இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான்.

அதுவரை ஒரு ஓலையையும் பிரித்துப் பார்க்காதவர்கள், உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். வேண்டியதை நாலைந்து எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டாததற்கு மளமளவென்று கைச்சாத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பத்தே நாளில் களரியின் கிழக்கு மூலையில், ஆற்றுக்குப் போக வேண்டிய கட்டுகள் போக்கோலையோடு வரிசையாக அடுக்கப்பட்டுவிட்டன. தரை தெரிந்தது. அந்தத் தரை சிவப்பு என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

*

வெற்றி வந்தால் மனிதன் கொஞ்சம் அசருவான். கூத்தன் அசரவில்லை. காலையில் கட்டுகளை எண்ணுவான், சாயங்காலம் கதவு பூட்டும் முன் மறுபடியும் எண்ணுவான். கட்டை மட்டுமல்ல, கட்டுக்குள் இருக்கும் ஓலையையும் எண்ணுவான்.

களரியிலிருந்து ஒரு ஓலையைத் திருடுவது லேசான காரியம் இல்லை. மன்னர் போட்ட காவல் அப்படி. வெளியே வருகிறவரின் குடுமியைக்கூட அவிழ்த்து உதறிப் பார்ப்பார்கள். ஓலைநாயகமாக இருந்தாலும் அவிழ்க்கத்தான் வேண்டும். உள்ளே விளக்குக்கும் அனுமதி இல்லை, எரித்துவிடலாம் என்றாலும் முடியாது. கைச்சாத்துப் போட்ட கட்டோடு ஆற்றுக்குப் போவதைத் தவிர ஒரு ஓலை அங்கிருந்து தப்ப வழியே கிடையாது.

ஆடி ஏழாம் தேதி சாயங்காலம் எண்ணும்போது, நாணலூர்க் கட்டில் ஓர் ஓலை குறைந்தது. கூத்தன் உடனே கிழக்கு மூலைக்குப் போய் ஒவ்வொரு கட்டாக எண்ணினான். லாயத்து அதிகாரியின் புல்லுக்கட்டு ஓலைக்குப் போக்கோலையில் நூற்றெட்டு என்று எழுதியிருந்தது. இவன் எண்ணினால் நூற்றொன்பது வந்தது.

கட்டைப் பிரித்துப் பார்த்தான். ஓலைக்கட்டு என்றால் எல்லா ஓலையிலும் ஒரே இடத்தில் துளை போட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். நடுவில் ஓர் ஓலைக்கு மட்டும் துளை விரற்கடை தள்ளி இருந்தது. யாரோ அவசரத்தில் கயிற்றில் கோக்க முடியாமல் இடையில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுதான் நாணலூர் ஏரி ஓலை. நூறு வருடக் களரியில் காணாமல் போனதைக் கண்டு பயந்தவர்கள் உண்டு, ஒன்று கூடியதைக் கண்டு பயந்தவன் கூத்தன் ஒருவன்தான்.

அன்று களரிக்குள் வந்து போனவர்கள் ஆறு பேர். அதில் பூவணத்தாரும் ஒருவர். ஒருவர் என்பதால் அவரே என்று சொல்லிவிட முடியுமா? சாட்சி இல்லாமல் ஓலைநாயகத்தின்மேல் கை நீட்டினால், நீட்டிய கையோடு தலையும் போகும். திருப்பி அலமாரியில் வைத்தால் இன்னொரு முறை எடுப்பார்கள், அப்போது கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம்.

கூத்தன் அந்த ஓலையை ஒரு மூங்கில் குழலில் போட்டான். எங்கே, எந்தத் தேதியில், எந்தக் கட்டில் கிடைத்தது என்று ஒரு குறிப்பு எழுதி அதையும் உள்ளே வைத்தான். அரக்கு வைத்து மூடி, நேராக மன்னரிடம் போனான். இதை ஆடி இருபது வரை தாங்களே வைத்திருக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது, தாங்களும் திறந்து பார்க்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். உள்ளே என்ன என்றார் மன்னர். சொன்னால் அரக்கு வைத்தது வீண் என்றான் கூத்தன். மன்னர் குழலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஊரே ஆற்றங்கரையில் கூடியது. மேளம் முழங்க, போக்கோலையை ஒவ்வொன்றாக வாசித்து, கட்டைப் பிரித்துப் புதுவெள்ளத்தில் விட்டார்கள். புல்லுக்கட்டு ஓலை மிதந்து போனபோது பூவணத்தார் கைகூப்பி ஆற்றைக் கும்பிட்டார். அவ்வளவு பக்தி அவரிடம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

*

ஆடி இருபதாம் தேதி சபை நிறைந்திருந்தது. சடைச்சியின் பின்னால் நாணலூர்க்காரர்கள் இருபது பேர் நின்றார்கள். ஒரு பக்கம் சோலையாண்டார் புதுப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தார். மன்னர் நாணலூர் ஏரி ஓலையைக் கேட்டார்.

கூத்தன் எழுந்து, களரியில் அப்படி ஓர் ஓலை இல்லை என்றான்.

சடைச்சி அவனையே பார்த்தாள். போன மாதம் சபையை விட்டு வெளியே வரும்போது, ஓலையை என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் அம்மா என்று ஆறுதல் சொன்னவன் இவன்தான். இவனும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. "எங்க மாமனாரு தன் கையால வாங்குன ஓலைங்க சாமி," என்றாள். "இல்லன்னு சொன்னா அறுவது வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கூத்தன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவன் மன்னரைப் பார்த்துச் சொன்னான்.

"அரசே, இருந்த ஓலை இல்லாமல் போயிருந்தால் தங்கள் ஆணைப்படி என் தலை தங்களுடையது. ஆனால் அது முதலில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஓர் ஓலை இருந்தது, நான் பார்த்தேன் என்று இந்தச் சபையில் ஒருவர் கைச்சாத்துப் போட்டுச் சொன்னால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாவிட்டால் ஓலையும் இருந்ததில்லை, இந்த அம்மாவுக்கு ஏரியும் இல்லை, என்மேல் குற்றமும் இல்லை."

பூவணத்தார் இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், ஏரி மைத்துனருக்கு. ஆனால் கூத்தன் தலை தப்பித்துவிடும். ஓலை இருந்தது என்று சொன்னால் கூத்தன் தலை போகும், ஆனால் ஏரியும் போய்விடுமே. மனிதர் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினைந்து வருட எரிச்சல் சும்மா இருக்க விடுமா? இரண்டையும் அடைய ஒரு வழி அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவருடைய கெட்ட காலம்.

அவர் எழுந்தார். ஓலை இருந்தது, ஓலைநாயகம் என்ற முறையில் நானே படித்திருக்கிறேன் என்றார். ஆனால் இந்தப் பெண் சொல்வதுபோல் அல்ல, ஏரியின் பாதியைச் சோலையாண்டாரின் பாட்டனாருக்குக் கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. கூத்தன் கவனமில்லாமல் அதை லாயத்துப் புல்லுக்கட்டு ஓலையோடு சேர்த்து ஆற்றில் விட்டுவிட்டான். இப்படிச் சொல்லிவிட்டு, எழுத்தாணியை வாங்கி அத்தனையையும் ஓலையில் எழுதிக் கைச்சாத்தும் போட்டுக் கொடுத்தார்.

மன்னர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு லாயத்து அதிகாரியை எழுப்பி, உன் கட்டில் ஏரி ஓலை ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அவர், நூற்றெட்டும் புல்லுக்கட்டு ஓலைதான், ஒவ்வொன்றாகப் படித்துக் கைச்சாத்துப் போட்டேன், என் மனைவி சாட்சி என்றார்.

"பூவணத்தாரே," என்றார் மன்னர், "நாட்டில் ஆயிரம் கட்டு ஆற்றோடு போயிற்று. ஏரி ஓலை புல்லுக்கட்டு ஓலையோடு போனது என்று உமக்கு யார் சொன்னார்கள்?"

பூவணத்தார் தன் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார்.

மன்னர் தன் இருக்கைக்குப் பின்னாலிருந்து மூங்கில் குழலை எடுத்தார். உள்ளே இருந்த ஓலையைத் தானே வாசித்தார். நாணலூர் ஏரி, நீர்ப்பரப்பும் கரையும் மடையும், அவ்வூர்க் குடிகள் அறுபது வீட்டாருக்கும் பொதுவாக, சந்திரனும் சூரியனும் உள்ளவரை. சோலையாண்டாரின் பாட்டனார் பெயர் அதில் ஒரு மூலையில்கூட இல்லை. கூத்தனின் குறிப்பையும் வாசித்தார். புல்லுக்கட்டு ஓலையில் நூற்றொன்பதாவதாகக் கிடைத்தது என்று இருந்தது. அந்த இடம் கூத்தனுக்குத் தெரியும், மன்னருக்குத் தெரியும், வைத்தவருக்குத் தெரியும். நான்காவது ஆள் கிடையாது.

சடைச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் ஊர்க்காரர்கள் அவளை அழவிட்டார்கள்.

கூத்தன் குழலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அரசே, அரக்கு உடைந்திருக்கிறதே," என்றான்.

"நீ கொடுத்து வாசலைத் தாண்டுவதற்குள் உடைத்துவிட்டேன்," என்றார் மன்னர்.

"அது தெரிந்துதான் திறக்க வேண்டாம் என்று சொன்னேன். திறந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தால், இவன் ஏன் திறக்கச் சொல்கிறான் என்று சந்தேகப்பட்டு ஆற்றில் போட்டிருப்பீர்கள்."

மன்னர் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ருசி பார்க்கும் ஐந்து பேரும் சேர்ந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

*

சோலையாண்டார் தன் கையாலேயே வேலியைப் பிடுங்கி, மடையில் போட்ட மண்ணைக் கூடையில் சுமந்து கரையேற்ற வேண்டும் என்று தீர்ப்பானது. பூவணத்தாருக்கு உத்தியோகம் போயிற்று. நாட்டில் உள்ள ஒவ்வொரு ஊர் ஏரி ஓலைக்கும் ஒரு நகல் எழுதி அந்தந்த ஊருக்குக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அறுநூறு ஊர். முதல் நகல் நாணலூருக்கு.

நகலை வாங்கிக்கொண்ட சடைச்சிக்குப் படிக்கத் தெரியாது. அவள் ஓலையை எடுத்துக்கொண்டு அரண்மனையை விட்டு வெளியே போனாள். பூக்கடைக்காரர் ஒருவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அங்கிருந்து நாலு தெரு தள்ளி ஒரு வைத்தியரிடம் வாசிக்கச் சொன்னாள். பிறகு ஆற்றைத் தாண்டிப் போய், பூக்கடைக்காரரையும் வைத்தியரையும் தெரியாத ஓர் ஓதுவாரிடம் வாசிக்கச் சொன்னாள். மூன்று பேரும் ஒரே மாதிரி வாசித்த பிறகுதான் ஊருக்குப் போய் மடைக்கல்லைத் தூக்கினாள்.

இதை ஒற்றர்கள் வந்து சொன்னபோது மன்னர் இரண்டாவது முறையாகச் சிரித்தார். இந்த நாட்டில் புத்தியுள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றார். கூத்தனை அழைத்து, தன் கழுத்தில் கிடந்த முத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

கூத்தன் விழுந்து வணங்கினான். எழுந்ததும், இந்த மாலையை மனமுவந்து கொடுத்தேன் என்று தங்கள் கைச்சாத்தோடு ஓர் ஓலையும், அதற்கு ஒரு நகலும் வேண்டும் என்றான். மன்னர் சிரித்தபடியே எழுதிக் கொடுத்தார். ஓர் ஓலையைக் கூத்தன் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். நகலைக் களரியில் வைப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் அதை மூங்கில் குழலில் போட்டு, மூன்று பேரிடம் வாசித்துக் கேட்கிறவள் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று, நாணலூருக்குப் போகும் வண்டியில் சடைச்சிக்குக் கொடுத்தனுப்பினான்.